வலமும் இடமும் மாறிய முகம்

கல்லில் நின்றும், செம்பில் எழுந்தும், எங்கள் குற்றாலத்துச் சித்திர சபையில் மட்டும் சுவரில் தீட்டிய வண்ணமாகவே ஆடியும் அருள்கின்ற பெருமானே! பார்த்ததைப் பார்த்தவாறும், பாராததைப் பார்த்திலேன் என்றும் எழுதுகின்ற நேர்மையை இம்முதியவன் கைக்குத் தந்தருள்க.

புரட்டாசித் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, அனுஷ நட்சத்திரம் கூடிய நன்னாளில், இலஞ்சியில் என் வீட்டு முன்னறையில் அமர்ந்து இதனை எழுதத் தொடங்குகிறேன். சொல்லப்போவது ஓர் ஓவியத்தைப் பற்றி. அது எனக்குத் தந்த தெளிவைவிட மயக்கமே மிகுதி. ஆகவே படிப்பவர் என்னிடம் முடிந்த முடிபு எதையும் எதிர்பார்க்க வேண்டா.

என் மனைவி சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் இறைவன் திருவடி சேர்ந்தாள். நாற்பத்தாறு ஆண்டுகள் என்னுடன் வாழ்ந்தவள். மெல்போர்னில் இருக்கும் எங்கள் ஒரே மகள், முதலாண்டுத் திதிக்குள் அம்மாவின் படம் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று விரும்பினாள். பெரிதாக்கிச் சட்டமிட்ட புகைப்படம் அவளுக்கு வேண்டா. கேன்வாஸ் துணியில் எண்ணெய் வண்ணத்தால் கையால் எழுதிய படமே வேண்டும். குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில், அப்படிப்பட்ட படங்கள் எழுதுகிற ஒருவர் இருக்கிறார் என்பதை அங்கிருந்தே கைப்பேசியில் கண்டுபிடித்து, அவரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள்.

“எப்பா, நாயையும் சேத்து வரையச் சொல்லியிருக்கேன். அம்மா அது இல்லாம எங்க இருந்தா?” என்றாள்.

அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தெருவில் நனைந்து கிடந்த குட்டியை என் மனைவி எடுத்து வந்தாள். தவிட்டு நிறம், நெஞ்சில் வெள்ளை. நான் காலையில் நீராடி, நீறணிந்து, பதிகம் ஓதத் தொடங்கினால் பகல் உணவு வரை அதனைத் தொடமாட்டேன். அதன் பிறகும் தொட்டதில்லை. தொடவில்லை என்பதற்காக அது என்மேல் வருத்தம் கொண்டதாகவும் தெரியவில்லை.

படம் எழுத மூலப்படம் வேண்டுமே, அங்கேதான் முதல் இடர். என் மனைவிக்குப் புகைப்படம் என்றால் ஆகாது. எங்கள் திருமணப் படத்தில் அவள் முகம் இருந்த இடம் முழுவதும் பூஞ்சைக்கு இரையாகியிருந்தது. அடையாள அட்டையில் இருப்பது கரித்துண்டால் தேய்த்தது போன்ற நிழல். உறவினர் திருமணப் படங்களிலெல்லாம் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னே அவளுடைய கொண்டை மட்டும் தெரியும். ஆனால் நாயோடு சேர்த்துத் தன்னைத் தானே கைப்பேசியில் படமெடுத்து மகளுக்கு அனுப்பும் வழக்கம் அவளுக்கு இருந்திருக்கிறது. நான் அதை அறியேன். நான் பதிகம் ஓதும் நேரத்தில், கொல்லைப்புறத்தில் அது நடந்திருக்கிறது. அவற்றில் தெளிவான ஒன்றை மகள் ஓவியருக்கு அனுப்பியிருந்தாள். நாயின் தலையும் அவள் முகமும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இராது.

வைகாசி இறுதியில் ஓவியரைப் பார்க்கப் போனேன். ஐம்பதை எட்டியவர். மாடி அறை முழுவதும் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை. சுவரோரம் ஏறத்தாழ இருபது முகங்கள், வெவ்வேறு நிலைகளில். பெங்களூரு வீடொன்றின் இரண்டு நாய்கள், சிங்கப்பூரிலிருந்து வந்த பூனை, தலைப்பாகை கட்டிய பெரியவர், நெற்றிச்சுட்டி அணிந்த கைக்குழந்தை. மனிதரையும் விலங்கையும் ஒரே வரிசையில் சாய்த்து வைத்திருந்தார். அவருக்கு வேலை நிறைய இருந்தது. எனக்கு ஒதுக்கிய நாற்காலியிலும் ஒரு முயல் காய்ந்துகொண்டிருந்தது.

முயலை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். “அண்ணாச்சி, போட்டோல இருக்கது போன் வெளிச்சம். அத நம்பி மட்டும் வரைய முடியாது. மதினி மொகம் எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க” என்றார்.

நான் சொன்னேன். சொல்லும்போது என் நா தானாகவே பழகிய வழியில் சென்றது. இறைவனைப் பாடினால் திருவடியில் தொடங்கி முடி வரை செல்வதும், மானிடரைப் பாடினால் முடியில் தொடங்கி அடி வரை இறங்குவதும் பழம்பாடல் மரபு. ஆகவே கூந்தலில் தொடங்கினேன். நெற்றிக்கு வந்தேன், புருவத்துக்கு வந்தேன், கண்ணுக்கு வந்தேன். ஓவியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டிருந்தார்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய. நெத்தி பிறைங்கிய, புருவம் வில்லுங்கிய, கண்ணு கயலுங்கிய. நீங்க சாமியச் சொல்லுதிய. அப்படியே வரைஞ்சா காலண்டர் அம்மன் வந்து நிப்பா. எனக்கு மதினியச் சொல்லுங்க. புருவம் அடர்த்தியா, சன்னமா?”

அடர்த்தியா, மெல்லியதா? எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று நினைத்துத்தான் மலையடிவாரம் வரை வந்திருக்கிறேன். “நடுத்தரமாக இருக்கும்” என்றேன். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

அன்று முதல் வாரம் ஒருமுறை சென்று பார்க்கலானேன். அந்தத் தொழிலின் முறை எனக்குப் புதிது. கேன்வாஸின்மேல் முதலில் நீர்த்த பழுப்பு நிறத்தைத் துடைத்துப் பூசினார். வெள்ளைத் துணியில் நேரடியாக எழுதினால் கண் ஏமாறும் என்றார். புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடித்தாளில் கோடுகளைப் படியெடுத்து, அக்கோடுகளைத் துணிக்கு மாற்றினார். முதல் பூச்சுகளில் எண்ணெய் குறைவு, டர்பன்டைன் மிகுதி. மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முந்திக் காய்ந்து, அடிப்பூச்சு பின்னால் சுருங்கி, முகம் வெடித்துவிடுமாம்.

ஒரு நாள் அவர் விறைப்பான தூரிகை ஒன்றைக் கையில் எடுத்தபோது, “இது என்ன முடி?” என்று கேட்டுவிட்டேன்.

“பன்னி முடி, அண்ணாச்சி.”

எனக்கு உடம்பு கூசியது. சைவ உணவன்றி வேறெதுவும் உண்டறியாதவள் அவள்.

என் முகத்தைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “நைலான்லயும் இருக்கு. ஆனா கெட்டி வண்ணத்த நைலான் இழுக்காது. மதினிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன், நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க.”

நான் சன்னல் பக்கம் திரும்பி அமர்ந்தேன். திரும்பினால் மட்டும் முடி மாறிவிடுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

ஆனி பிறந்ததும் சாரல் தொடங்கியது. அதன் பிறகு நான் கண்டது என்னை மேலும் குழப்பியது. முகம் முழுவதும் பச்சை! நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் பாசி படிந்த கல்லைப் போல மங்கிய பச்சை. அம்மையை மரகத மேனியள் என்று பாடிப் பாடியே பழகிய என் கைகள், நினைக்குமுன் குவிந்துவிட்டன. குவிந்த பிறகுதான் அது என் மனைவி என்பது நினைவுக்கு வந்தது. மனைவியைக் கும்பிட்டதற்கு வெட்கப்படுவதா, கும்பிட்ட கையைப் பிரித்ததற்கு வெட்கப்படுவதா? இரண்டுக்கும் வெட்கப்பட்டேன்.

“பயப்படாதிய. இது அடிநெறம்” என்றார் ஓவியர். “தோலுக்குக் கீழ பச்ச கெடந்தாத்தான் மேல போடுத செவப்பு உசுரோட நிக்கும். நேரா செவப்பப் போட்டா பொம்மைக்குப் பவுடர் அடிச்ச மாதிரி இருக்கும்.”

வெயில் காலத்தில் நான்கைந்து நாளில் காய்கிற அடிப்பூச்சு, சாரலில் பதினைந்து நாளானாலும் விரலில் ஒட்டியது. ஊரெல்லாம் அருவியில் நீர் விழுகிறதென்று மகிழ்ந்து கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் வெயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காத்திருப்பின் இடையேதான் மூக்குத்திக் கேள்வி எழுந்தது. புகைப்படத்தில் மூக்கின் இரு பக்கமும் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் இருந்தன. ஒன்று மூக்குத்தி, மற்றொன்று வியர்வையின் மினுக்கு. எது எது என்று ஓவியருக்குத் தெரியவில்லை. மூக்குத்தியின் ஒளியைக் கெட்டியான வெள்ளையால் கடைசியில்தான் தொட்டு வைப்பார். ஆகவே பொறுத்திருக்கலாம், ஆனால் சொல்லிவிடுங்கள் என்றார்.

நாற்பத்தாறு ஆண்டுகள். எந்தப் பக்கம்?

பெருமானின் இடப்பாகம் அம்மைக்குரியது என்பதும், எதிரே நின்று வணங்குகிற நமக்கு அது வலக்கைப் பக்கமாகத் தெரியும் என்பதும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடி அவளை நிறுத்திப் பார்த்தேன். மூக்குத்தி வலத்தில் மின்னியது. மறுமுறை இடத்தில் மின்னியது. வேறு வழியின்றிப் பாவூர்சத்திரத்தில் இருக்கும் அவளுடைய தங்கைக்கு மறுநாள் காலையில் தொலைபேசினேன்.

“அத்தான், இது என்ன கேள்வி? கூட இருந்த ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?”

“உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்.”

“ஏன் தெரியாம? வலது பக்கம்... இருங்க. அக்கா எனக்கு எதுக்க உக்காந்து பூக் கட்டுவா. அப்பம் எனக்கு இந்தக் கைப்பக்கம். இது எடது. அப்பம் அவளுக்கு வலது. இல்ல, எனக்குத்தான் வலதா? காலங்காத்தால ஏன்த்தான் ஆளக் கொழப்புதிய?”

“நன்றாக நினைத்துச் சொல், அம்மா.”

“நான் நெனைக்கது இருக்கட்டும். அம்மனுக்கு எந்தப் பக்கம் எத்தன கல்லு வச்ச மூக்குத்தின்னு கேட்டா ஒடனே சொல்லுவிய. எங்க அக்கா அங்கனயேதான நின்னா, ஒரு நா ஏறிட்டுப் பாத்தா என்னத்தான்?”

அவள் கேலியாகச் சொன்னாளா, மனம் நொந்து சொன்னாளா என்று பிரித்தறிய முடியவில்லை. “வலதுன்னே வச்சுக்கிடுங்க” என்று முடித்தாள். வைத்துக்கொள்வதற்கு அது நிலமா, வீடா?

ஆடி வந்தது. ஓவியர் பச்சையின்மேல் தசை நிறங்களைக் கண்ணாடி போல் மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினார். பச்சை உள்ளே இறங்கி மறைந்தது. கன்னம் பிறந்தது, உதட்டோரம் பிறந்தது, கண்களில் ஈரம் பிறந்தது. கழுத்துக்குக் கீழே அரக்கு நிறக் கண்டாங்கிச் சேலையும், நாயை அணைத்த கையும் வந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் உயிருள்ள முகம் என்றார்கள். உண்மை, உயிர் இருந்தது. அது என் மனைவியின் உயிரில்லை.

அவளுக்கு உடன்பிறந்தவளாக இருக்கலாம். அவள் பிறந்த வீட்டிலிருந்து நான் அறியாத ஒருத்தி வந்து அமர்ந்திருக்கலாம். புருவம் அவளுடையது, மோவாய் அவளுடையது, காதோர நரை அவளுடையது. எல்லாம் கூடி உருவான முகம் மட்டும் அவளுடையதன்று. இது அவளில்லை என்று ஓவியரிடம் சொன்னேன்; ஆனால் எங்கே பிழை என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. ஓவியர் முகத்தையும் புகைப்படத்தையும் அருகருகே வைத்து நூல் பிடித்து அளந்து காட்டினார். ஓரிடத்திலும் பிசகில்லை.

அன்று பேருந்தில் திரும்பும்போது எனக்கு வந்த அச்சத்தை மறைக்காமல் எழுதுகிறேன். பிழை ஓவியரிடம் இல்லையென்றால் என்னிடம்தான் இருக்க வேண்டும். ஓராண்டு முடிவதற்குள் நான் அவள் முகத்தை மறந்துவிட்டேனா? அல்லது, மறப்பதற்கும் முன்பு அறிந்திருக்க வேண்டுமே, அறிந்தேனா? திதியன்று என் மகள் காணொளி அழைப்பில் வந்து, “அம்மா மாதிரி இருக்காப்பா?” என்று கேட்பாள். ஆம் என்றால் பொய். இல்லை என்றால், பின் எப்படி இருந்தாள் என்பாள். ஆயிரக்கணக்கான அடிகள் எழுத்துப் பிசகாமல் நிற்கும் நெஞ்சில் இந்த ஒரு முகத்துக்கு இடமில்லாமல் போனதா என்ற எண்ணம் சில நாள் என்னை உண்ணவிடவில்லை.

அந்த நிலையில் ஓவியர் அழைத்தார். நாயின் நிறம் புகைப்படத்தில் சரியாக விழவில்லை. தவிட்டு நிறமா, செம்மண் நிறமா என்று ஐயமாக இருக்கிறது. ஒருமுறை நேரில் கொண்டுவர முடியுமா என்றார். மனைவியை நேரில் கொண்டுபோக இயலாது. நாயையாவது கொண்டுபோவோம் என்று ஓர் ஆட்டோவை அமர்த்தினேன்.

“அண்ணாச்சி, சீசனுக்கு நாயக் குளிப்பாட்டவா கொண்டு போறிய?” என்றார் ஆட்டோக்காரர்.

“படம் எழுத.”

“இதுக்கா?” வண்டி நின்றே விட்டது. “எங்க வீட்டுக்காரிக்குக் கலியாண ஆல்பத்தோட சரி. அவகிட்ட இத நான் சொல்லவே மாட்டேன், சாமி.”

வழியெல்லாம் சாரல் உள்ளே அடித்தது. நாய் நடுங்கி என் காலோடு ஒட்டிக்கொண்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன். போடும்போது கை பட்டது. மாலையில் மறுபடி நீராடிவிடலாம் என்று எண்ணினேன். கையை உடனே எடுக்கவில்லை.

மாடியில் அதனை முக்காலிமேல் அமர்த்தியதும் ஓவியர் நிறத்தைக் கலக்கத் தொடங்கினார். இரண்டு முறை நாயைப் பார்த்தார், இரண்டு முறை படத்தைப் பார்த்தார். பிறகு கை நின்றுவிட்டது.

“அண்ணாச்சி, இதுக்குக் காது எப்ப கிழிஞ்சிது?”

“வீட்டுக்கு வரும்போதே அப்படித்தான். குட்டியில் எதுவோ கடித்திருக்கிறது.”

“இந்தக் காதுதானா?”

“இந்தக் காதுதான். நாய்க்கு மூன்று காதா இருக்கிறது?”

அவர் சிரிக்கவில்லை. படத்தைச் சுட்டினார். முக்காலியில் இருந்த நாய்க்கு இடக்காது கிழிந்திருந்தது. படத்தில் இருந்த நாய்க்கு வலக்காது.

“மோசம் போயிட்டேன்” என்றார், தலையில் கை வைத்துக்கொண்டு. “மதினி முன்பக்கக் கேமராவுல எடுத்திருக்காவ. சில போன்ல அது கண்ணாடி மாதிரி எடம் வலம் மாத்தியே பதிஞ்சிரும். பின்னால ஒரு எழுத்து, ஒரு போர்டு இருந்தா அப்பமே கண்டுபிடிச்சிருப்பேன். மொகமும் நாயும் தவிர ஒண்ணுமில்லயே.”

“சேலை சரியாகத்தானே இருக்கிறது?” என்று கேட்டேன். முந்தானை இடத்தோளில்தான் கிடந்தது.

“அது போட்டோல ஏது? நானாப் போட்டது. முந்தி எடது தோள்லதான வரும், கை பழகிக் கெடக்கு. ஒடம்பு நேரா இருக்கு, மொகம் திரும்பிக் கெடக்கு. அதான் ஒங்களுக்கு ஒட்டல. நீங்க சரியாத்தான் சொன்னிய, அண்ணாச்சி. நான்தான் நூல் புடிச்சு அளந்துக்கிட்டே கெடந்தேன்.”

தம் பிழைகளைத் தாமே காண ஓவியர்கள் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது வழக்கமாம். அவரும் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் எல்லாமே மாறித்தானே தெரியும் என்று முந்தானையைப் பற்றி ஐயுறாமல் விட்டிருக்கிறார். இப்போது அந்தக் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றினார். என்னைப் படத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, கண்ணாடியை என் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

என் தோளுக்குமேல் அவள் இருந்தாள்.

வேறு எப்படிச் சொல்வதென்று அறியேன். நான் சொல்வதை மறுக்கப்போகிறாள் என்றால் ஒருபுற உதடு சற்றே மேலேறும்; அந்தப் புறத்து உதடு அங்கே ஏறியிருந்தது. ஒரு கண் மற்றொன்றைவிட ஓரெள் அளவு சிறியது; அந்தக் கண்தான் சிறுத்திருந்தது. இவற்றை நான் அறிந்திருந்தேன் என்பதையே அப்போதுதான் அறிந்தேன். என் விரல் தானாக நீண்டு கண்ணாடியில் அவள் மூக்கின் வலப்புறத்தைத் தொட்டது.

“இங்கே. மூக்குத்தி இங்கே.”

“வலது” என்றார் ஓவியர் மெல்ல.

ஆனால் மகிழ்ச்சி முழுதாக நிற்கவில்லை. கண்ணாடியில் முகம் அவளுடையதானதும், முந்தானை வலத்தோளுக்குப் போய்விட்டது. படத்தில் பார்த்தால் சேலை என் மனைவியுடையது, முகம் வேறு. கண்ணாடியில் பார்த்தால் முகம் அவளுடையது, சேலையை எவளோ உடுத்தியிருக்கிறாள். முழுதாக அவள் எங்கும் இல்லை.

செலவைத் தாமே ஏற்று, வேறொரு துணியில் திருத்தி எழுதித் தருவதாக ஓவியர் சொன்னார். பழைய படத்தை என்ன செய்வது? மகளைக் கேட்போம் என்று அதைப் படம்பிடித்து அவளுக்கு அனுப்பினேன். நடந்த பிழையை எழுதுவதற்குள் அவளே அழைத்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

“எப்பா, அம்மா அப்படியே இருக்காப்பா.”

“அது தவறம்மா. முகம் இடம் வலம் மாறியிருக்கிறது.”

“என்ன மாறியிருக்கு? எனக்கு ஒண்ணும் மாறல. ஒம்பது வருசமா தெனமும் அனுப்பின போட்டோல அம்மா இப்படித்தான் இருந்தா. மாத்திராதிய. இது எனக்கு வேணும்.”

நான் பொய் என்று தள்ளிய முகம் என் மகளுக்குத் தாய். ஒருவேளை என் மனைவிக்கும் தன் முகம் அதுதான். பொட்டு வைக்கும்போது கண்ணாடியில் அவள் தினமும் கண்டது அந்தப் பக்கமாகத்தானே இருந்திருக்கும்? அப்படியானால் அவள் முகம் எது? மூவர் மூன்று இடத்தில் நின்று பார்த்தோம். சரி என்று சொல்ல யாருக்கு உரிமை? எல்லாவற்றையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒருங்கே காணும் ஒருவனுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு படங்கள் ஆயின. முதல் படத்தில், மகளின் கண்ணுக்குப் பழகியபடி மூக்குத்தியை இடப்புறம் வைத்து, அவளுக்கென்று ஒதுக்கினார். எனக்கு, பழைய கண்ணாடித்தாளைத் திருப்பிப் போட்டுக் கோடுகளை மறுபடி துணிக்கு மாற்றினார். மறுபடி பழுப்பு, மறுபடி பச்சை, மறுபடி காத்திருப்பு. ஆவணித் திதி வந்தபோது என் படம் பச்சையாகவே குற்றாலத்தில் ஈரம் உலராமல் நின்றது. எள்ளும் நீரும் இறைத்து, அவள் பெயரைச் சொல்லித் திதியை முடித்தேன். அதற்குப் பெயர் போதும், முகம் கேட்பதில்லை. அதுவும் எனக்கு ஆறுதலா, குறையா என்று தெரியவில்லை.

புரட்டாசி பிறந்த வாரம் ஓவியர் மூக்குத்தியின் ஒளியை என் கண் முன்னே வைத்தார். ஒரே தொடுகை. பின்னால் தள்ளி நின்று, “இப்பம் சரியா, அண்ணாச்சி?” என்று கேட்டார்.

பார்த்தேன். முகம் அவளுடையது. சேலை அவளுடையது. நாயின் காதும் நாயினுடையது. பிழை எதுவுமில்லை.

“சரிதான் தம்பி. ஆனால் இந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை.”

அவர் திடுக்கிட்டார். “திரும்பவும் ஏதும்...?”

“இல்லை, இல்லை. சிரிப்பு சரியாகவே இருக்கிறது. இது நாயைப் பார்த்துச் சிரித்தது, மகளை நினைத்துச் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.”

“ஒங்கள எப்படிப் பாப்பாவ? சொல்லுங்க, ஈரமாத்தான் இருக்கு, ஒதட்ட லேசா மாத்திரலாம்.”

எண்ணிப் பார்த்தேன். நாள்தோறும் காலையில் நான் ஓதிக்கொண்டிருக்கும்போது அவள் நிவேதனத்தை எடுத்து வந்து வைப்பாள். வைத்ததும் போகமாட்டாள், பதிகம் முடியும் வரை நிற்பாள். வளையல் ஒலி நின்றுவிடுவதால் நிற்கிறாள் என்று அறிவேன். அந்த நேரத்தில் அவள் என்னைத்தான் பார்த்திருப்பாள். எப்படிப் பார்த்தாள்? எனக்குத் தெரியாது, ஏனெனில் நான் கண்ணை மூடியிருந்தேன். மனம் ஒருமைப்பட வேண்டுமென்று நாற்பத்தாறு ஆண்டுகள் கண்ணை மூடியே ஓதினேன்.

“மாற்ற வேண்டா” என்றேன். “தெரியாததைச் சொல்லி ஒரு பார்வையை எழுதச் சொன்னால், பழையபடி காலண்டர் அம்மன்தான் வருவாள்.”

படம் இப்போது இந்த அறைச் சுவரில் இருக்கிறது. மேற்பூச்சு வார்னிஷ் போட இன்னும் ஆறு மாதம் பொறுக்க வேண்டுமாம். அதுவரை தூசு தட்டலாம், துடைக்கக் கூடாது. நாய் வந்து முகர்ந்து, எண்ணெய் வாடைக்குத் தும்மிவிட்டுப் போயிற்று. தன் உருவத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் படத்தின் எதிரே அமர்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு ஓதிப் பார்க்கிறேன். ஐம்பது ஆண்டு பழகிய பாடல். நான்காம் அடியில் நின்றுவிடுகிறது. மறுபடி தொடங்கினால் இரண்டாம் அடியிலேயே நிற்கிறது. கண்ணை மூடினால் தங்கு தடையின்றி வருகிறது. திறந்தால் அவள் முகம் வருகிறது, பாடல் போகிறது. இன்று காலையும் மும்முறை தடுமாறினேன். பக்தியில் தவறிவிட்டேனா, இப்போதுதான் ஒன்றைச் சரியாகச் செய்கிறேனா என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கும் வரை கண்ணை மூடுவதில்லை என்று மட்டும் இருக்கிறேன்.

இதனைப் பொறுமையோடு படித்தவர் எவராயினும், அவர் இல்லத்து விளக்கும் உலையும் என்றும் குறையாதிருக்கட்டும். அவரை நோக்கி நிற்கும் முகங்களை அவர் கண் திறந்து கண்டு மகிழட்டும். வண்ணமாய் ஆடும் எம்பெருமான் அவர்க்கும் அவர் வளர்க்கும் உயிர்க்கும் துணை நிற்கட்டும்.